பிரசண்டின் கண்

நெய்வேலி இரண்டாம் சுரங்கத்தின் விளிம்பில் இரவு ஷிப்ட் நேரத்தில் நின்றுகொண்டு ஒரு வெப்பக் கேமராவை உள்ளே திருப்பினால், விளக்கு வெளிச்சத்தில் தெரியாத பல தெரியும். நீண்டு ஓடும் கன்வேயரில் பேரிங் தேய்ந்து சூடேறிய உருளை மட்டும் தனியாக வெளுத்து நிற்கும். சற்று முன் நிறுத்தப்பட்ட டோசரின் எஞ்சின் மூடி பளிச்சென்றிருக்கும். எதிர்ப்பக்கத்தில் படிபோல் வெட்டிய பெஞ்சில் டார்ச் இல்லாமல் நடந்துபோகும் தொழிலாளிகூட வெள்ளை உருவமாகத் தெரிவார். காற்றுப் பட்டால் உள்ளுக்குள் சூடேறி, கவனிக்காமல் விட்டால் தானே பற்றிக்கொள்ளும் இயல்பு பழுப்பு நிலக்கரிக்கு உண்டு. குவியலின் எந்தப் பக்கம் அப்படிச் சூடேறுகிறது என்பதைப் புகை வருமுன்பே அந்தக் கேமரா காட்டிவிடும்.

இதே வகைக் கேமராவைப் பல மடங்கு கூர்மையாக்கி, ஒரு ஹெலிகாப்டரின் மூக்கில் பொருத்தினால் அது ராணுவத்தின் கண் ஆகிறது. எதிரி எங்கே இருக்கிறான் என்று தேடு, கண்டால் பின்னால் இருப்பவர்களுக்குச் சொல், தேவைப்பட்டால் நீயே சுடு. ஆயுதம் தாங்கிய வேவு ஹெலிகாப்டரின் வேலை இந்த மூன்றுதான், இந்த வரிசையில்தான். இந்தியாவில் இந்த வேலையைச் செய்யக்கூடிய இயந்திரம், பெங்களூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் உருவாக்கிய இலகுரகப் போர் ஹெலிகாப்டரான பிரசண்ட். 2010 மார்ச் 29 அன்று முதன்முதலாகப் பறந்த இது, 2022 அக்டோபர் 3 அன்று ஜோத்பூரில் விமானப் படையில் சேர்ந்தது. 2025 மார்ச் 28 அன்று இன்னும் 156 பிரசண்டுகளுக்கு 62,700 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. தரைப்படைக்கு 90, விமானப் படைக்கு 66. பயிற்சியும் துணைக் கருவிகளும் சேர்த்து ஒன்றுக்கு ஏறத்தாழ 400 கோடி ரூபாய்.

இப்படிப்பட்ட செய்தி வந்தால் எத்தனை ராக்கெட், என்ன துப்பாக்கி, எவ்வளவு வேகம் என்றுதான் பேச்சு ஓடும். இந்த ஹெலிகாப்டரின் திறமை முதலில் அதன் பார்வையில் இருக்கிறது, சுடும் வலிமை அதற்குப் பிறகுதான் என்பது என் உறுதியான எண்ணம். அதற்கான காரணம் இயற்பியலில் இருக்கிறது.

எந்தப் பொருளும் தன் வெப்பநிலைக்கேற்ற கதிர்களை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். சூடு கூடக்கூட அந்தக் கதிரின் அலைநீளம் குறையும். ஜெர்மன் இயற்பியலாளர் வில்ஹெல்ம் வீன் 1893-இல் கண்டுபிடித்த விதி இது. மனித உடலின் வெப்பத்துக்கு அந்த அலைநீளம் 9.3 மைக்ரோமீட்டர் அளவில் உச்சம் பெறுகிறது. 400 டிகிரிக்கு மேல் கொதிக்கும் எஞ்சின் புகைக்குழாய்க்கு 4 மைக்ரோமீட்டர் அளவில். காற்றில் உள்ள நீராவியும் கரியமில வாயுவும் அகச்சிவப்புக் கதிரின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஆனால் 3 முதல் 5 வரை ஒரு ஜன்னலையும், 8 முதல் 12 மைக்ரோமீட்டர் வரை இன்னொரு ஜன்னலையும் அவை திறந்து விட்டிருக்கின்றன. உலகத்து ராணுவங்களின் வெப்பக் கேமராக்கள் எல்லாம் இந்த இரண்டு ஜன்னல்கள் வழியாகத்தான் பார்க்கின்றன. சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரை உள்ளே விடாது. அதனால் அந்தக் கேமராவின் லென்ஸ், நம் கண்ணுக்கு உலோகம்போல் கறுத்துத் தெரியும் ஜெர்மானியத்தால் செய்யப்படுகிறது.

லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் உணரிதான் இதில் அருமையான பொருள். இண்டியம் ஆன்டிமனைடு, பாதரச காட்மியம் டெலூரைடு போன்ற அரிய படிகங்களில் செய்யப்படும் இந்த உணரி, தன் உடல் வெப்பமே தன் பார்வையை மறைத்துவிடாதபடி மைனஸ் 196 டிகிரி அளவுக்குக் குளிர்விக்கப்படுகிறது. அதற்கென்றே ஒரு குட்டிக் குளிர்பதன இயந்திரம் கேமராவுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். வெளியே ஜோத்பூரின் வெயில் 45 டிகிரி. அரை அடி உள்ளே திரவ நைட்ரஜனின் குளிர். இந்த நிலையில் அந்த உணரி ஒரு டிகிரியில் நாற்பதில் ஒரு பங்கு வேறுபாட்டைக்கூடப் பிரித்துக் காட்டும். மரத்தடியில் தழையை மூடிக்கொண்டு நிற்கும் வண்டியின் டயர்கள், இப்போதுதான் ஓடி வந்து நின்றவை என்பதுகூடத் தெரிந்துவிடும்.

இந்தக் கண்ணுக்கும் குருட்டு நேரம் உண்டு. அதை நெய்வேலிக்காரர்களுக்கு விளக்குவது எளிது. மே மாத வெயிலில் சுரங்க மண் காலையில் இருந்து சூடேறிக்கொண்டே வரும். ஒரு கட்டத்தில் மண்ணின் சூடும் மனித உடலின் சூடும் ஒரே அளவைத் தொடும். அந்தக் கொஞ்ச நேரத்துக்கு வெப்பக் கேமராவில் மனிதர் மண்ணோடு கரைந்துபோவார். பிறகு மண் இன்னும் சூடேறும்போது, வெள்ளைப் பின்னணியில் கறுத்த உருவமாக மீண்டும் தெரிவார். சாயங்காலம் மண் குளிரும்போது இதே நாடகம் தலைகீழாக நடக்கும். பாலைவனத்தில் போரிடும் படைகள் இந்த இரண்டு நேரங்களையும் நன்றாக அறியும். அதனால்தான் வெப்பக் கேமராவோடு பகல்நேரத் தொலைக்காட்சிக் கேமராவும் ஹெலிகாப்டரின் மூக்கில் உள்ள ஒரே உருண்டைக்குள் இருக்கிறது. ஒன்று தோற்கும்போது மற்றது கைகொடுக்கும்.

மேகம் அதைவிடப் பெரிய எதிரி. மேகத்துளிகளின் பருமன் பத்து மைக்ரோமீட்டர் அளவில் இருப்பதால், அதே அளவு அலைநீளம் கொண்ட வெப்பக் கதிரை அவை சிதறடித்தும் விழுங்கியும் விடும். புகையையும் இருட்டையும் ஊடுருவும் கேமரா, அடர்ந்த மேகத்துக்குள் நம் கண்ணைப்போலவே தவிக்கும். 2021 டிசம்பர் 8 அன்று சூலூரில் இருந்து வெலிங்டனுக்குப் புறப்பட்ட எம்ஐ-17 ஹெலிகாப்டர் குன்னூர் அருகே நஞ்சப்பச்சத்திரத்தில் விழுந்து, முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 உயிர்கள் போனதை நாம் மறக்க முடியாது. திடீரென்று மாறிய வானிலையில் மேகத்துக்குள் புகுந்ததால் விமானிக்குத் திசையும் தளமும் குழம்பிப்போனதே காரணம் என்று முப்படை விசாரணை கூறியது. அது வேவு ஹெலிகாப்டர் இல்லை, பயணிகளை ஏற்றிச் சென்றது. ஆனால் மலையும் மேகமும் எல்லா ஹெலிகாப்டருக்கும் ஒன்றுதான்.

பார்ப்பது என்பதிலும் படிகள் உண்டு. 1958-இல் அமெரிக்கத் தரைப்படையின் ஆய்வாளர் ஜான் ஜான்சன் இதை எண்களாக்கினார். ஏதோ ஒன்று இருக்கிறது என்று கண்டறிய, அதன் குறுகிய பக்கத்தின் குறுக்கே இரண்டு படப்புள்ளிகள் போதும். அது வண்டியா மனிதரா என்று இனம் காண எட்டுப் புள்ளிகள் வேண்டும். எந்த வண்டி, யாருடைய வண்டி என்று அடையாளம் சொல்லப் பதின்மூன்று. இந்த எண்கள் எல்லாம் பார்ப்பவர் சரியாகச் சொல்ல 50 சதவீத வாய்ப்புள்ள நிலைக்கானவை. அதாவது பாதிக்குப் பாதி தவறும் இடம் அது. கண்டறியும் தூரம் பத்து கிலோமீட்டர் என்று ஒரு விளம்பரத் தாள் சொன்னால், அடையாளம் காணும் தூரம் அதில் ஆறில் ஒரு பங்குதான். ஹெலிகாப்டரின் ஏவுகணையோ ஏழு கிலோமீட்டர் பாயும். இவ்வளவு ஆபத்தும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கிறது.

இந்த இடைவெளியில் மனிதர்கள் செத்திருக்கிறார்கள். 2007 ஜூலை 12 அன்று பாக்தாத்தில் ஒரு அமெரிக்க அபாச்சி ஹெலிகாப்டர், தெருவில் நின்ற ஒரு கூட்டத்தின் மீது சுட்டது. செத்தவர்களில் இருவர் ராய்ட்டர்ஸ் நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள். தோளில் தொங்கிய கேமரா, ஹெலிகாப்டரின் திரையில் ஆயுதமாகத் தெரிந்தது. தமிழர்களாகிய நமக்கு இதைவிட நெருக்கமான நினைவும் இருக்கிறது. 1987 அக்டோபரில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இந்திய அமைதிப்படைக்குத் துணையாகத் தாக்குதல் ஹெலிகாப்டர்கள் பறந்தன. அந்த மாதக் கடைசியில் சாவகச்சேரிச் சந்தைப் பகுதியில் ஹெலிகாப்டர் தாக்குதலில் பொதுமக்கள் கொல்லப்பட்டார்கள். அன்று பறந்த இயந்திரங்களில் இன்றைய வெப்பக் கேமரா கிடையாது. கேமரா இருந்திருந்தால் அது நடந்திருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். சுடச் சொல்வது மனிதர். ஆனால் சந்தைக்கு வந்தவர் யார், போராளி யார் என்று பிரித்துப் பார்க்க முடியாத கண்ணோடு ஒரு துப்பாக்கியை வானில் அனுப்புவது குற்றத்துக்கு வழி திறந்துவிடுவதாகும். கூர்மையான கண்ணைக் கேட்பது படைவீரருக்காக மட்டுமில்லை, கீழே இருப்பவருக்காகவும்தான்.

பார்க்க வேண்டும், ஆனால் பார்க்கப்படக் கூடாது. வேவு ஹெலிகாப்டரின் மறுபாதி இது. பூமி உருண்டை என்பது இங்கே பெரிய உதவி. சமதரையில் நூறு மீட்டர் உயரத்தில் பறக்கும் ஹெலிகாப்டரைத் தரைமட்டத்து ரேடார் நாற்பது கிலோமீட்டர் தொலைவிலேயே பிடித்துவிடலாம். பத்து மீட்டருக்கு இறங்கினால் அந்தத் தூரம் பதின்மூன்று கிலோமீட்டராகச் சுருங்குகிறது. நிலம் மேடுபள்ளமாக இருந்தால் இன்னும் நல்லது. நெய்வேலிச் சுரங்கத்தைப் போன்ற ஒரு பள்ளத்துக்குள், பெஞ்சுக்குக் கீழே இறங்கி நிற்கும் ஹெலிகாப்டரை நகரியத்தின் எந்த மாடியில் ஏறி நின்றாலும் காண முடியாது. ரேடாருக்கும் அது தெரியாது. மலைச்சரிவு, ஆற்றங்கரை, தோப்பு என்று நிலத்தின் ஒவ்வொரு மடிப்பையும் மறைவாகப் பயன்படுத்திப் பறப்பதுதான் இந்த விமானிகளின் தனித்திறமை.

மறைவில் நின்றால் தானும் பார்க்க முடியாதே? அமெரிக்காவின் கயோவா வாரியர் இதற்கு ஓர் அழகான தீர்வு கண்டது. அதன் கேமரா உருண்டை, சுழலும் ரோட்டருக்கு மேலே ஒரு தண்டின் உச்சியில் இருந்தது. மதில்சுவருக்குப் பின்னால் நிற்பவர் தலையை மட்டும் தூக்கிப் பார்ப்பதுபோல், உடல் முழுவதையும் குன்றுக்குப் பின்னால் ஒளித்துவிட்டு அந்த உருண்டையை மட்டும் வெளியே நீட்டலாம். இலக்கின் மீது லேசர் கதிரைப் பாய்ச்சி, பின்னால் இருக்கும் வேறொருவரைச் சுடச் சொல்லலாம். பிரசண்டின் உருண்டை மூக்கில் இருக்கிறது. குன்றுக்கு மேல் பார்க்க வேண்டுமென்றால் அதன் ரோட்டரும் தலையும் வெளியே வந்தாக வேண்டும். வேவு வேலையைப் பொறுத்தவரை இது ஒரு குறை என்றே நினைக்கிறேன். அதற்கு ஈடாக அதன் உடலை ஒடுக்கமாகச் செய்திருக்கிறார்கள். விமானிகள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காராமல் ஒருவர் பின் ஒருவராக, பின்னவர் சற்று உயரத்தில் உட்காருகிறார்கள். எதிரில் இருந்து பார்ப்பவருக்குக் கிடைக்கும் பரப்பு அதனால் மிகக் குறைவு. எஞ்சினின் சூடான புகையைக் குளிர்ந்த காற்றோடு கலந்து வெளியேற்றும் அமைப்பும், ஏவுகணை நெருங்குவதை உணர்ந்து எச்சரிக்கும் கருவியும், அதை ஏமாற்றச் சுடர் வீசும் கருவியும் இருக்கின்றன.

அந்தச் சுடர் இல்லாததன் விலையை இந்தியா கார்கிலில் கொடுத்தது. 1999 மே 28 அன்று டோலோலிங் பகுதியில் ராக்கெட் தாக்குதலுக்குப் போன நான்கு எம்ஐ-17 ஹெலிகாப்டர்களில் ஒன்றைத் தோளில் வைத்துச் சுடும் ஏவுகணை வீழ்த்தியது. உள்ளே இருந்த நால்வரும் இறந்தார்கள். அந்த ஒன்றில் மட்டும் சுடர் வீசும் கருவி இருக்கவில்லை. அதற்குப் பிறகு ஹெலிகாப்டர்களைத் தாக்குதலுக்கு அனுப்புவது நிறுத்தப்பட்டது. அன்று இந்தியாவிடம் எம்ஐ-35 என்ற உண்மையான தாக்குதல் ஹெலிகாப்டரும் இருந்தது. பதினோரு டன்னுக்கு மேல் எடையுள்ள அதனால் அந்த உயரத்தில் வேலை செய்யவே முடியவில்லை. பிரசண்ட் என்ற எண்ணமே அந்தத் தோல்வியில்தான் பிறந்தது.

உயரம் ஒரு ஹெலிகாப்டரை என்ன செய்கிறது என்பதற்குச் சின்னக் கணக்குப் போதும். ஹெலிகாப்டர் காற்றைக் கீழே தள்ளி அதன்மேல் நிற்கிறது. காற்று மெலிந்தால் தள்ளுவதற்குப் பொருள் குறைகிறது. கடல் மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்று 1.225 கிலோகிராம், 5,000 மீட்டர் உயரத்தில் 0.736 கிலோகிராம். பிரசண்டின் அதிகபட்ச எடை 5.8 டன், ரோட்டரின் விட்டம் 13 மீட்டருக்குச் சற்று மேல். இவ்வளவு எடையை அந்தரத்தில் நிறுத்த, கடல் மட்டத்தில் குறைந்தது 740 கிலோவாட் ஆற்றல் வேண்டும் என்று கோட்பாட்டுக் கணக்குச் சொல்கிறது. 5,000 மீட்டரில் அது 950-ஐத் தாண்டிவிடுகிறது. உராய்வும் வால் ரோட்டரும் தின்பது தனி. தேவை ஏறக்குறைய 30 சதவீதம் ஏற, எஞ்சின் சுவாசிக்கும் காற்றோ 40 சதவீதம் குறைகிறது. வரவு சுருங்கும் நேரத்தில் செலவு பெருகும் குடும்பத்தின் நிலை.

இதே கணக்கு நெய்வேலியிலும் நடக்கிறது, சிறிய அளவில். 42 டிகிரி வெயிலில் இங்குள்ள காற்று கன மீட்டருக்கு 1.1 கிலோகிராம்தான். கடல் மட்டத்தில் இருந்து நூறு மீட்டர்கூட உயராத ஊர், மே மாத நண்பகலில் ஹெலிகாப்டருக்கு ஆயிரம் மீட்டர் மலை ஆகிவிடுகிறது. வெயில் நேரத்தில் விமானிகள் சுமையைக் குறைக்கச் சொல்வது இதனால்தான்.

பிரசண்டின் விடை என்னவென்றால், உடலுக்குத் தேவையானதைவிடப் பெரிய எஞ்சின். இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸும் பிரான்சின் டர்போமெக்காவும் சேர்ந்து உருவாக்கிய சக்தி எஞ்சின்கள் இரண்டு. கடல் மட்டத்தில் ஒவ்வொன்றும் ஆயிரம் கிலோவாட் அளவில் தரும். இரண்டின் முழு ஆற்றலும் சமவெளியில் தேவைப்படாது. அந்த மிச்சம்தான் மலையில் உதவுகிறது. 2015-இல் அதன் முன்மாதிரி சியாச்சின் பகுதியின் ஹெலிபேடுகளில் இறங்கி எழுந்தது. 5,000 மீட்டரில் தரையிறங்கிப் புறப்படக்கூடிய உலகின் ஒரே தாக்குதல் ஹெலிகாப்டர் என்று பாதுகாப்பு அமைச்சகம் இதைச் சொல்கிறது. அங்கேயும் முழுச் சுமையோடு போக முடியாது. எரிபொருளைக் குறைப்பதா, ராக்கெட்டைக் குறைப்பதா என்று முடிவெடுக்க வேண்டும். எதைக் கழற்றினாலும் கழற்ற முடியாதது மூக்கில் இருக்கும் அந்த உருண்டை.

ஆயுதங்களைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். மூக்குக்கு அடியில் 20 மில்லிமீட்டர் பீரங்கித் துப்பாக்கி. விமானி தலைக்கவசத்தோடு எந்தப் பக்கம் திரும்புகிறாரோ அந்தப் பக்கம் அதுவும் திரும்பும். பக்க இறகுகளில் 70 மில்லிமீட்டர் ராக்கெட்டுகள், பறக்கும் இலக்குக்கு மிஸ்ட்ரல் ஏவுகணைகள். டாங்கிகளுக்கு எதிராக நாக் ஏவுகணையின் ஹெலிகாப்டர் வடிவமான ஹெலினா உருவாக்கப்பட்டது. 2022 ஏப்ரலில் துருவ் ஹெலிகாப்டரில் இருந்து பொக்ரானிலும் பிறகு மலையுச்சியிலும் அதைச் சோதித்தார்கள். ஹெலினாவின் தலையிலும் ஒரு வெப்பக் கேமரா இருக்கிறது. இலக்கின் உருவத்தைப் புறப்படும் முன்பே மனதில் பதித்துக்கொண்டு, ஏழு கிலோமீட்டர் வரை தானே துரத்திப் போகும். தூரத்தை அளப்பது லேசர் துடிப்பு. ஏழு கிலோமீட்டர் போய்த் திரும்ப அந்தத் துடிப்புக்கு 47 மைக்ரோநொடி போதும். துப்பாக்கியில் இருந்து ஏவுகணை வரை எல்லாமே கண் சொன்னபடி நடப்பவைதான்.

இன்னொரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பிரசண்டின் எஞ்சின், கியர்பாக்ஸ், ரோட்டர் ஆகியவை துருவ் ஹெலிகாப்டரின் வழிவந்தவை. சூலூரில் இருந்து பறக்கும் சாரங் சாகசக் குழுவின் சிவப்பு ஹெலிகாப்டர்களும் துருவ்தான். 2025 ஜனவரி 5 அன்று போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் விழுந்து மூவர் இறந்தபின், நாட்டின் துருவ்கள் அனைத்தும் மாதக்கணக்கில் தரையில் நிறுத்தப்பட்டன. விமானியின் கைப்பிடி அசைவைச் சுழலும் இறகுகளுக்குக் கடத்தும் ஸ்வாஷ்பிளேட் என்ற வட்டத் தட்டு முறிந்ததுதான் ஆய்வுக்கு உள்ளானது. அந்தத் தட்டு போனால் ஹெலிகாப்டர் விமானியின் பேச்சைக் கேட்காது. 156 பிரசண்டுகள் அதே குடும்பத்து ரோட்டரோடு வரும்போது, அந்த ஒரு உதிரிபாகத்தின் உலோகவியலுக்குச் செலவிடும் எந்தப் பணமும் வீண் இல்லை.

இத்தனையும் எதற்கு, ட்ரோன் போதாதா என்ற கேள்வி நியாயமானது. அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளியில் இருந்து 2020 முதல் கடற்படையின் சீகார்டியன் ஆளில்லா விமானங்கள் இந்தியப் பெருங்கடலை வேவு பார்க்கின்றன. ஒரு நாளுக்கு மேல் இறங்காமல் பறக்கும் பொறுமை எந்த ஹெலிகாப்டருக்கும் கிடையாது. அமெரிக்கா இந்தக் கேள்வியில் பலமுறை தடுமாறியிருக்கிறது. ரேடாரில் எளிதில் சிக்காத கோமாஞ்சி வேவு ஹெலிகாப்டரை ஏறத்தாழ 700 கோடி டாலர் செலவழித்தபின் 2004-இல் கைவிட்டது. கயோவாவை 2017-இல் ஓய்வுக்கு அனுப்பியது. அடுத்த வேவு ஹெலிகாப்டர் திட்டத்தையும், உக்ரைன் போரின் பாடத்தைக் காட்டி, 2024 பிப்ரவரியில் ரத்து செய்தது. அந்தப் போரில் ரஷ்யா தன் வேவு மற்றும் தாக்குதல் ஹெலிகாப்டரான கேஏ-52-ஐப் பெரும் எண்ணிக்கையில் இழந்தது உண்மை. 2023 கோடையில் அதே கேஏ-52 தொலைவில் நின்று ஏவுகணை வீசி உக்ரைனின் கவச வண்டிகளைத் தடுத்ததும் உண்மை. தூரத்தில் இருந்து பார்க்கத் தெரிந்தது பிழைத்தது, நெருங்கிப் போனது விழுந்தது.

இந்தியாவின் மலை எல்லைக்கு ஹெலிகாப்டர் இன்னும் தேவை என்பது என் கருத்து. பள்ளத்தாக்குகளில் வானொலி இணைப்பு அறுந்துபோகும். சின்ன ட்ரோன்கள் மெல்லிய காற்றிலும் உறைபனியிலும் திணறும். சுடலாமா கூடாதா என்று அங்கேயே நின்று முடிவெடுக்கும் மனிதர் வேண்டும். ஆனால் முன்னால் போய்ப் பார்க்கும் வேலையை ட்ரோனிடம் கொடுத்துவிட்டு, அதன் படத்தைத் தன் திரையில் வாங்கிக்கொண்டு பின்னால் நிற்கும் ஹெலிகாப்டராகப் பிரசண்ட் மாறியாக வேண்டும். அந்த வசதி இல்லாமல் வரும் ஒவ்வொன்றும் பழைய காலத்து இயந்திரமாகவே பிறக்கும்.

அந்தக் கண் யாருடையது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. முதலில் வந்த பிரசண்டுகளின் மூக்கில் இருக்கும் கேமரா உருண்டை, இஸ்ரேலின் எல்பிட் நிறுவனத் தொழில்நுட்பம். தலைக்கவசக் காட்டி பிரான்சின் தாலஸ். துப்பாக்கியும் பிரான்ஸ், ராக்கெட் பெல்ஜியம். 2022-இல் உள்நாட்டுப் பங்கு மதிப்பில் 45 சதவீதம் என்று சொன்ன அமைச்சகம், 2025 ஒப்பந்தத்தை நிறைவேற்றும்போது அது 65 சதவீதத்தைத் தாண்டும் என்றது. வரவேற்க வேண்டிய இலக்கு. ஆனால் சதவீதம் எல்லாப் பாகத்தையும் ஒன்றாக எடை போடுகிறது. இறக்குமதி நின்றால் துப்பாக்கிக்கு மாற்றுத் தேடிக்கொள்ளலாம். உணரி நின்றால் ஹெலிகாப்டர் குருடு. டெல்லியின் திடநிலை இயற்பியல் ஆய்வகமும், டேராடூனின் கருவியியல் ஆய்வகமான ஐஆர்டிஇ-யும் இந்தத் துறையில் நீண்டகாலமாக உழைக்கின்றன. குறையாக நிற்பது ஆயிரக்கணக்கில் பிழையில்லாமல் செய்து தள்ளும் தொழிற்சாலையும், அதில் வேலை செய்யத் தெரிந்த ஆட்களும்.

தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் சென்னை, கோவை, சேலம், திருச்சி, ஓசூர் ஆகிய ஐந்து ஊர்களைச் சுற்றி அமைந்தது. நெய்வேலி அதில் இல்லை. ஆனால் 1956-இல் தொடங்கிய ஒரு நிறுவனத்தைச் சுற்றி, மின்நிலையத்தின் கொதிகலனையும் சுரங்கத்தின் ராட்சத எந்திரங்களையும் மூன்று தலைமுறையாகப் பராமரிக்கும் கைகள் இங்கே இருக்கின்றன. வெப்பத்தை அளப்பதும் கட்டுப்படுத்துவதும் இந்த ஊரின் அன்றாட வேலை. இங்கு இயற்பியல், வேதியியல், உலோகவியல் படிக்கும் பிள்ளைகளுக்கும் அவர்களின் ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் ஒன்றுதான். அகச்சிவப்பு உணரி, ஜெர்மானியம் லென்ஸ்களின் ஒளியியல், குறைக்கடத்திப் படிக வளர்ப்பு என்ற பெயர்களைப் பாடத்தின் ஓரத்தில் விட்டுவிடாதீர்கள்; மேற்படிப்புக்குப் போகும்போது அவற்றைக் கேட்டு வாங்குங்கள். அடுத்த பிரசண்ட் பறக்கும் செய்தியைப் படிக்கும்போது, அது எத்தனை ஏவுகணை சுமக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், அதன் உணரி எந்த நாட்டில் செய்யப்பட்டது என்று கேளுங்கள்.